கேட்டான் பாறை

காது இருக்கிறவங்க கேளுங்க, மூச்சு இருக்கிறவங்க எண்ணுங்க. நம்ம பாட்டன்மாருக்கும் பாட்டன்மார் காலத்துல, கடலோரமா முனைப்பள்ளின்னு ஒரு துறை இருந்துச்சாம். அந்தத் துறையில ஒரு சங்குகுளியாள். பேரு கலந்தர் நயினா. அவருக்கு ஒரு வீடு, ஒரு பொஞ்சாதி, நாலு பொம்பளைப் பிள்ளைங்க. நாலும் வாப்பா வாப்பான்னு அவர் கைலியைப் பிடிச்சுக்கிட்டே திரியுமாம்.

அவர் முங்குறது எப்படின்னா, ஆளை அடிக்கு இழுக்கிற குளிகல்லுல ஒரு காலை வச்சு, இடுப்புல கயித்தைக் கட்டி, கழுத்துல வலைப்பையைத் தொங்கவிட்டு இறங்குவாராம். பத்துப் பாகம் ஆழம், பத்து ஆள் உசரம். தரையைத் தொட்டதும் கல்லை விட்டுடுவார், மேல இருக்கிறவங்க அதைத் தூக்கிக்குவாங்க. அதுக்கப்புறம் அவரும் கடலும்தான். அங்க வாய் திறக்க முடியுமா? முடியாது. அதனால மனசுக்குள்ள எண்ணுவாராம். ஒண்ணு ரெண்டுன்னு இல்ல. யா லத்தீஃப், யா லத்தீஃப்னு, மென்மையானவனே மென்மையானவனேன்னு, படைச்சவன் பேரைச் சொல்லியே எண்ணுவாராம். நாப்பது யா லத்தீஃப் முடிஞ்சதும் கயித்தை ஒரு சுண்டு சுண்டுவார். மேல இருக்கிறவன் இழுத்துக்குவான்.

அந்த மேல இருக்கிறவன் யாரு? மச்சான். பொஞ்சாதியோட கூடப்பிறந்தவன். கயித்தை அவன்தான் பிடிக்கணும்னு துறையில ஒரு கட்டு. ஏன்னா, கயிறு நழுவினா வெள்ளை உடுத்தப் போறது அவன் அக்கா தங்கச்சிதானே! அவன் விடுவானா? மச்சான் உயிரோட இருக்கையில வேற ஆள் கயித்தைத் தொட்டா அந்த வள்ளத்துக்கே ஆகாதுன்னும் சொல்லுவாங்களாம். இன்னொரு கட்டும் உண்டு. கீழயிருந்து சுண்டாம மேல இழுக்கக் கூடாது. குளியாளோட கை பாறை இடுக்குல இருக்கும், இழுத்தா கை போயிடும்.

கலந்தருக்குக் கயிறு பிடிச்சது உதுமான். பொஞ்சாதி செய்தம்மாளோட தம்பி. அதிகம் பேசமாட்டாராம். ஏழு வருசம் அந்தக் கயிறு ஒரு நாள் பிசகினதில்ல.

ஒரு வருசம், கடல் தெளிஞ்ச மாசம். வீட்டுல மூணாவது பொண்ணு ஜொகராவுக்கு மூணு நாளாக் காய்ச்சல். பிள்ளை அனலா கொதிக்குது. மூத்தவ மைமூனைப் பொண்ணு கேட்டு ஆள் வந்து போயிருக்கு. கூரையில ஓலை பறந்து கிடக்கு. காலையில செய்தம்மாள் சொன்னாளாம்: "இன்னைக்கு ஒரு நாள் கடலுக்குப் போவாட்டி என்ன?"

"நான் போவலேன்னா பானையில எதைப் போடுவே? என் தலையையா?"

அந்தச் சொல்லோடயே போனாராம். அந்தச் சொல்லோடயே முங்கினாராம்.

மேல வந்தப்ப காதுலயும் மூக்குலயும் ரத்தம். மணல்ல போட்டு, வயித்தை அமுக்கி, தண்ணியைக் கக்கவச்சு, கண்ணைத் திறந்தார். துறையே சுத்தி நிக்குது. திறந்ததும் சொன்ன முதல் சொல்லு என்ன?

"நான் சுண்டினேன். இவன் இழுக்கல."

உதுமான் மூஞ்சி எப்படி ஆச்சுன்னு சொல்ல யாராலயும் முடியலையாம். அவர் ஆமாங்கல, இல்லைங்கல. கயித்தைச் சுருட்டினார். நேரா அக்கா வீட்டுக்குப் போனார். "லாத்தா, இது இனிமே உன் வீட்டுலயே கிடக்கட்டும்"னு சுவத்து முளைக்குச்சியில மாட்டினார். போயிட்டார்.

ஜொகராவுக்குக் காய்ச்சல் இறங்கிருச்சு. அப்புறம் நாப்பது நாள்! கயிறு முளைக்குச்சியில தொங்குது, கலந்தர் வீட்டுல தொங்குறார். செய்தம்மாளும் மைமூனும் ஓலைப்பெட்டி முடைஞ்சு அதுல அடுப்பெரியுது. கிணத்துல தண்ணி இறைக்கவே இவருக்கு ஆகலையாம். வாளிக்குக் கீழ இருட்டா ஆழம் தெரிஞ்சா கண்ணை மூடிக்கிடுவாராம். பிள்ளைங்க சிரிச்சாலும் கோவம், அழுதாலும் கோவம். "வாப்பா முழிச்சிருக்காங்க, சத்தம் போடாதே"ன்னு மைமூன் தங்கச்சிகளை வேலிப்பக்கம் இழுத்துக்கிட்டுப் போவாளாம். தூங்குறப்ப சத்தம் போடாதேன்னு சொல்ற வீடு உண்டு. முழிச்சிருக்கிறப்ப சொன்ன வீடு அது.

ஒரு நாள் செய்தம்மாள் ஓலையைக் கீழ வச்சுட்டுக் கேட்டாளாம்: "கடலுக்குள்ள அம்புட்டு நேரம் மூச்சைப் பிடிக்கிறீங்க. வீட்டுக்குள்ள ஒரு சொல்லைப் பிடிக்க முடியலையா?"

கலந்தர் எந்திரிச்சு வாசப்பக்கம் போயிட்டார். ஆனா தொழுகையை மட்டும் விடலையாம். பள்ளிக்குப் போனா நாலு பேர் திரும்பிப் பாக்கிறாங்கன்னு வீட்டுலயே பாய் விரிச்சுக்கிடுவார். "என்னை எது இழுத்தாலும் இந்தப் பாய் விடாது"ம்பாராம்.

அப்படி ஒரு நாள் அஸர் நேரம், பொழுது சாயுறப்ப தொழுற தொழுகை. அஸருக்கு நாலு ரக்அத்து, நாலு தடவை நின்னு குனிஞ்சு நெத்தி வைக்கணும். கலந்தர் தொழுது, சலாம் குடுத்து, முகத்தைத் தடவிக்கிட்டு எந்திரிக்கப் போனார். பின்னால ஜொகரா உக்காந்து கடல் சோவி வச்சு விளையாடிக்கிட்டிருந்துச்சு. ஆறு வயசுப் பிள்ளை.

"வாப்பா, இன்னொண்ணு எங்க?"

"எது இன்னொண்ணு?"

"நீங்க எந்திரிச்சு நிக்கிறப்பல்லாம் நான் ஒரு சோவி வைப்பேன். மூணுதான் வச்சிருக்கேன். நாலாவது எங்க?"

"நாலும் தொழுதாச்சு. போடி அங்கிட்டு."

"இல்ல வாப்பா. மூணு."

"நான் தொழுதது எனக்குத் தெரியாதா? நாலுங்கிறேன்!"

பிள்ளை பயந்துக்கிட்டே உள்ளங்கையை நீட்டுச்சாம். மூணு வெள்ளைச் சோவி. கலந்தர் செய்தம்மாளைப் பார்த்தார்.

"மூணுதான். நேத்தும் மூணுதான். சொன்னா சீறுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்."

கலந்தருக்கு உச்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சாம். நாலுன்னு சத்தியம் பண்ணியிருப்பாரே! நெஞ்சுல கைவச்சு, குர்ஆன் மேல கைவச்சு, நாலுன்னே சொல்லியிருப்பாரே!

திரும்பி நின்னார். விட்டுப்போன ஒண்ணைத் தொழுதார். மறந்தவங்களுக்குன்னு தொழுகையில ரெண்டு சஜ்தா இருக்கு, மறதி சஜ்தா. முதல் சஜ்தா செஞ்சார். ரெண்டாவதுல நெத்தி பாயில பட்டதும் அப்படியே கிடந்தாராம். எம்புட்டு நேரம்? ஜொகரா கையில இருந்த சோவி அத்தனையும் வச்சு முடிச்சும் எந்திரிக்கலையாம். அந்த இருட்டுக்குள்ள அன்னைக்கு முங்கின கடலோட அடி தெரிஞ்சுச்சாம். யா லத்தீஃப், இருபத்தொண்ணு. யா லத்தீஃப், பிள்ளைக்குக் கஞ்சி குடுத்தாளோ. யா லத்தீஃப், கூரைக்கு ஓலை. யா லத்தீஃப், மைமூனுக்கு என்ன பதில் சொல்ல. யா லத்தீஃப்... கை கயித்தைப் பிடிச்சிருக்கு. பிடிச்சுக்கிட்டே இருக்கு. சுண்டவே இல்ல.

தலையைத் தூக்கினார். சலாம் குடுத்தார். முளைக்குச்சியில இருந்த கயித்தை எடுத்தார்.

"எங்க போறீங்க?"ன்னா செய்தம்மாள்.

"இன்னொரு சஜ்தா கரையில கிடக்கு."

கரையில அப்பதான் வள்ளங்க வந்து ஏறியிருக்கு. ஆளுங்க சங்கைக் கொட்டிக்கிட்டிருக்காங்க. இவர் கயித்தோட வர்றதைப் பார்த்து அசன் கனின்னு ஒரு குளியாள் சிரிச்சானாம், அங்க அண்ணனைக் காக்காம்பாங்க: "வாங்க கலந்தர் காக்கா! கயித்தைக் குடுக்கவா வந்தீங்க? என் வீட்டு ஆடு கட்டக் கயிறில்லாம ஊர் மேயுது!"

"ஆடும் பொறுக்கட்டும், நீயும் பொறு"ன்னு கலந்தர் நடுவுல போய் நின்னார். நாப்பது நாளைக்கு முன்ன படுத்துக்கிடந்த அதே மணல். இதைச் சொன்னா இந்தத் துறையில எந்த வள்ளமும் தன்னை ஏத்தாதுன்னு அவருக்குத் தெரியும். சுண்ட மறக்கிறவனை எவன் ஏத்துவான்? நாலு பிள்ளை வாய் இந்த ஒரு சொல்லுல இருக்கு. பேசாமத் திரும்பிடலாமான்னு கால் சொல்லுச்சாம். கால் பேச்சைக் கேக்கல.

"எல்லாரும் கேளுங்க! அன்னைக்கு நான் சுண்டல. சுண்டினேன்னு நினைச்சேன், சுண்டல. உதுமான் மேல குத்தமில்ல. குத்தம் என்னுது."

உதுமான் வள்ளத்துப் பாயைத் தைச்சுக்கிட்டு முதுகு காட்டி உக்காந்திருந்தார். ஊசியை நிறுத்தினார். திரும்பாமலே சொன்னாராம்:

"இதை எதுக்கு மச்சான் சொன்னீங்க? நாப்பது நாளா நான் முழுங்கி வச்சிருந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? நீங்க கீழ எண்ணுற மாதிரி நான் மேல எண்ணுவேன். நாப்பது ஆச்சு, சுண்டல. அம்பது ஆச்சு, சுண்டல. கை போனாப் போவுது, ஆள் வேணும்னு கட்டுப்பாட்டை மீறி இழுத்தேன். அதைச் சொன்னா உங்களை எவன் ஏத்துவான்? எங்க லாத்தா அடுப்பு எதுல எரியும்?"

வள்ளக்காரச் சம்மாட்டி சீனி மரைக்கார் எந்திரிச்சு வந்தார். நல்ல மனுசன்தான், ஆனா வள்ளம் அவருது. "கலந்தரு, மெய் சொன்னே, அல்லா உன்னை நல்லா வைப்பான். ஆனா ஞாபகம் தப்புறவனை நான் ஏத்தமாட்டேன். உன் மய்யித்தைத் தூக்கிக்கிட்டுச் செய்தம்மாள் வாசல்ல போய் நிக்க என்னால ஆகாது."

"சரி சம்மாட்டி. ஏத்தாட்டி வலை பின்னுறேன், மூட்டை தூக்குறேன். பொய் மேல ஏறி இனி முங்கமாட்டேன்."

இப்பதான் உதுமான் திரும்பினாராம். "அவருக்கு ஞாபகம் தப்பல சம்மாட்டி. பாரம் கூடிப்போச்சு. குளிகல்லைத் தரை தொட்டதும் விட்டுடுறோம். வீட்டுல இருந்து கொண்டுபோன கல்லை எங்க விடுறது? நாளைக்கு ஒரு முங்கு, ஒரே முங்கு குடுங்க. நாப்பது எண்ணுவேன். சுண்டினாலும் இழுப்பேன், சுண்டாட்டியும் இழுப்பேன். பாறைக்குள்ள கை விடமாட்டேன்னு அவர் எனக்குச் சொல்லட்டும். அதுக்கு முன்ன எனக்கு அவர்கிட்ட ஒரு வேலை இருக்கு."

சம்மாட்டி தாடியைத் தடவினார். தடவினார், தடவினார். "ஒரே முங்கு"ன்னார்.

மறுநாள் விடிஞ்சு, கரையோரத்துத் தட்டைப் பாறையில ரெண்டு பேரும் உக்காந்தாங்களாம். செய்தம்மாள் சோறும் சுட்ட கருவாடும் அனுப்பியிருக்கா. ஒரே சஹன்ல. வீட்டுல ரெண்டு தட்டு இல்லாமலா? இருந்துச்சு. அவ ஒண்ணுதான் அனுப்பினா.

உதுமான் சோத்துல கைவைக்கல. கேட்டாராம்: "வீட்டுல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப கயிறும் இல்ல."

கலந்தர் கடலைப் பார்த்தார். சோத்தைப் பார்த்தார். "ஜொகராவுக்கு மறுபடி இருமல்."

உதுமான் ஒரு பிடி எடுத்து வாயில போட்டார். "அது எங்கிட்ட இருக்கு. அப்புறம்?"

"கூரையில ஓலை இல்ல."

இன்னொரு பிடி. "அது எங்கிட்ட இருக்கு. அப்புறம்?"

"மைமூனைக் கேட்டு வந்தவங்களுக்கு இன்னும் பதில் சொல்லல."

"நான் அவளுக்குத் தாய்மாமன். அது முதல்ல இருந்தே எங்கிட்டதான் இருக்கு. அப்புறம்?"

கலந்தர் கருவாட்டைக் கிள்ளி, திங்காமத் திரும்ப வச்சார். "இறங்கவே பயமா இருக்கு, உதுமான். கிணத்தைப் பார்த்தாக்கூட நடுங்குது."

உதுமான் கையில எடுத்த பிடியைப் பாதியாப் பிச்சார். பாதியைத் தான் தின்னார், பாதியை மச்சான் பக்கம் தள்ளினார். "இதுல பாதி எங்கிட்ட இருக்கு. மீதியை நீங்க வச்சுக்கங்க. பயமே இல்லாதவனுக்கு நான் கயிறு பிடிக்கமாட்டேன்."

கலந்தர் அந்தப் பாதிப் பிடியைத் தின்னார். பிஸ்மில்லான்னு வள்ளம் ஏறினார்.

குளிகல்லுல கால் வச்சார். மீதிப் பயத்தோடயே இறங்கினாராம். தரை தொட்டுச்சு, கல்லை விட்டார். யா லத்தீஃப், ஒண்ணு. யா லத்தீஃப், ரெண்டு. கூரை நினைப்பு வந்துச்சாம். அது உதுமான்கிட்ட இருக்குன்னு விட்டார். இருமல் நினைப்பு வந்துச்சாம். அதையும் விட்டார். மேல உதுமான் வாய்விட்டே எண்ணுறார், வள்ளத்துல அத்தனை பேரும் சேர்ந்து எண்ணுறாங்க, அசன் கனியும் எண்ணுறான். முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது! மேலயிருந்து இழுப்பு, கீழயிருந்து சுண்டு. ரெண்டும் ஒண்ணா வந்துச்சாம். எது முந்தினதுன்னு அந்தத் துறையில இன்னைக்கும் சண்டை போடுறவங்க உண்டு.

கலந்தர் மேல வந்தார். காதுல ரத்தமில்ல, மூக்குல ரத்தமில்ல. பையில ரெண்டே ரெண்டு சங்கு. சம்மாட்டி சங்கைப் பாக்கல, ஆளைப் பார்த்தார். "நாளைக்கு நேரத்துல வந்துடு"ன்னார். அம்புட்டுத்தான்.

அன்னையில இருந்துதான் முனைப்பள்ளியில அந்தப் பழக்கமாம். சுண்டுக்குக் காத்திருக்கிறதில்ல, நாப்பதுல இழுப்பு. கடலுக்கு இறங்குற நாள்ல குளியாளும் கயித்துக்காரனும் அந்தத் தட்டைப் பாறையில ஒரே சஹன்ல உக்காருவாங்க. கயித்துக்காரன் "வீட்டுல என்ன?"ன்னு கேக்காம சோத்துல கைவைக்கக் கூடாது, குளியாள் "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லக் கூடாது. அதனாலதான் அந்தப் பாறைக்குக் கேட்டான் பாறைன்னு பேரு. கயிறு நனைஞ்சிருக்கிற வரைக்கும் கயித்துக்காரன் கரையை விட்டுப் போகவும் கூடாது.

அந்த முதல் நாளும் அப்படித்தான் ஆச்சாம். சம்மாட்டி போனார். அசன் கனி, "எனக்கும் ஒரு மச்சான் இருக்கான், சோத்தை முழுசா அவனே தின்னுடுவான்"னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே போனான். கலந்தர் அஸர் தொழ வீட்டுக்குப் போனார். அன்னைக்கு ஜொகரா நாலு சோவி வச்சுச்சாம். உதுமான் மட்டும் பாறையில கயித்தைப் பரப்பிப் போட்டுட்டு, காயுற வரைக்கும் உக்காந்திருந்தார். காஞ்சதும் சுருட்டித் தோள்ல போட்டார். மடியில ஒரு துண்டு சுக்கு வச்சிருந்தார், இருமலுக்கு. இருக்கான்னு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கிட்டு, லாத்தா வீட்டுப் பக்கமா நடந்தாராம்.