அத்திம்பேருக்குச் சொன்ன பத்தியம்

மட்டாஞ்சேரியில் துளசி வளர்ப்பது லேசான காரியமில்லை, சார். கடல் ஏறுகிற நாட்களில் காயல் தண்ணீர் ஓடை வழியாகக் கொல்லைக்குள் வந்துவிடும். உப்பு வேரில் பட்ட செடி மறுநாளே முகம் சுண்டிப் போகும். அதனால் நான் எதையும் தரையில் நடுவதில்லை. பெயின்ட் வாளி, ஹார்பரில் மீன் வந்து இறங்குகிற தெர்மோகோல் பெட்டி, பழைய வாஷிங் மெஷினின் தொட்டி, எல்லாவற்றையும் செங்கல் அடுக்கி மேலே ஏற்றி வைத்திருக்கிறேன். நேற்று உங்கள் ஆட்கள் வந்து ஒவ்வொன்றிலும் ஒரு கிளை ஒடித்துக் கவரில் போட்டு எடுத்துப் போனார்கள். பனிக்கூர்க்கை என்று இங்கே சொல்கிற கற்பூரவல்லி, ஆடாதோடை, நொச்சி, கீழாநெல்லி, தூதுவளை, வல்லாரை. பரிசோதனையில் ஒன்றும் கிடைக்காது. விஷச்செடி என் வீட்டில் கிடையாது. அழகுக்காகக்கூட அரளி வைத்ததில்லை. குழந்தைகள் வந்து போகிற இடம்.

கிளம்பும்போது உங்கள் போலீஸ்காரர் ஒருவர் மட்டும் கேட்டருகே தயங்கி நின்றார். அவருடைய அம்மாவுக்கு ஒரு மாசமாக இருமலாம், ஆடாதோடை இலை கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். பறித்துக் கொடுத்தேன். "பத்தியம் வல்லதும் உண்டோ, சேச்சி?" என்றார். சாவு விஷயமாக விசாரிக்கப்படுகிறவளின் கையிலிருந்து அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு, பத்தியமும் கேட்கிற ஊர் இது. அவரைக் குறை சொல்லவில்லை. பெயரும் சொல்லமாட்டேன். நான் சொல்லப்போவது உங்களுக்குச் சுலபமாகப் புரியட்டும் என்றுதான் இதை முதலில் சொன்னேன். நீங்கள் குமுளிக்காரர், தமிழ் தெரியும் என்பதால் தமிழிலேயே சொல்கிறேன்.

எர்ணாகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தேன். லோகாம்பாள், பார்மசிஸ்ட் என்று சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருக்கும். சீட்டை வாங்கி, மாத்திரையைக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது வேலை. சொல்வேன். யாரும் கேட்டதில்லை. ஒரு காதில் போன், இன்னொரு கை கவரைப் பிடுங்கும். இதை வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் வாசலுக்குப் போயிருப்பார்கள். படித்தவர்கள்தான் ரொம்ப மோசம். நான் பேசுகிற கண்ணாடித் துவாரத்தைப் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்த்ததில்லை.

ரிட்டயர் ஆனபின் பொழுது போகாமல் செடி வைத்தேன். எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் யாரோ வல்லாரையை போட்டோ எடுத்துப் போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டில் கூட்டம். வருஷம் முழுக்கப் பரோட்டாவும் பொரித்த மீனுமாக வளர்த்த வயிற்றை, கர்க்கடக மாசத்தில், அதாவது நம் ஆடியில், நாலு இலை போட்ட கஞ்சி குடித்துக் கழுவிவிடலாம் என்று நம்புகிற ஜனங்கள். கடையில் கஞ்சிக்கூட்டு பாக்கெட்டில் கிடைக்கிறது. என் வாளியிலிருந்து பறித்தால் இன்னும் விசேஷமாம். இலை கொடுத்தேன். கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல் காயவிட்டார்கள்.

பத்தியத்தின் மகிமை எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. பாங்கில் பெரிய பதவியில் இருக்கிற ஒரு அம்மாள் வயிற்று உப்புசம் என்று வந்தாள். அவள் நின்ற நிற்பு எனக்குப் பிடிக்கவில்லை. இலையைக் கொடுத்துவிட்டு, கத்தரிக்காயைத் தொடாதே, ராத்திரி தயிர் கூடாது, குடிக்கும்போது பேசாதே என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். சார், கையைக் கட்டிக்கொண்டு. அடுத்த வாரம் முகமெல்லாம் பளபளக்க வந்து என் காலைத் தொட்டாள். சாப்பிடு என்று சொன்னால் இவர்கள் மதிப்பதில்லை. சாப்பிடாதே என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு ஒரு இலையையும் நான் சும்மா கொடுக்கவில்லை. ஒருவருக்குப் பலாப்பழம் விலக்கு, ஒருவருக்குப் பகல் தூக்கம் விலக்கு. ஒரு ஆடிட்டருக்குத் தெற்கே பார்த்து உட்காரக் கூடாது என்று சொன்னேன். அவர் ஆபீஸில் மேஜையையே திருப்பிப் போட்டுவிட்டார்.

எனக்கு எது மருந்து, எது இலை என்று தெரியாது என நினைத்துவிடாதீர்கள். இஞ்சிக் கிடங்கில் வேலை செய்கிற பாண்டிச்செல்வியைக் கேளுங்கள். தேனிப் பக்கத்துப் பெண். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "சளி கட்டிக்கிச்சுக்கா, கற்பூரவல்லி ரெண்டு குடுங்க" என்று வந்தாள். குழந்தையின் விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கி இழுத்துக்கொண்டிருந்தது. இலை கொடுக்கவில்லை. நானே யூசுபின் ஆட்டோவைக் கூப்பிட்டு அவளை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குழந்தை இன்றைக்குத் தெருவில் ஓடுகிறது. என் யோக்கியதைக்கு அது சாட்சி. எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அத்திம்பேர். என் அக்கா சங்கரியின் புருஷர் கல்யாணராமன். தேயிலைக் கம்பெனியில் மேனேஜராக இருந்தவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி வீடு. கல்யாண வீடுகளில் என்னை யாருக்காவது அறிமுகம் செய்ய நேர்ந்தால், "இது என் மச்சினி. மாத்திரை எண்றவ" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கும்படி பேசுவார், அதை ஒப்புக்கொள்கிறேன். இந்த வருஷம் விஷுவுக்கு முன்னால் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆன அன்று நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்து வைத்தேன். ரத்தம் கட்டாமல் இருப்பதற்கான மாத்திரைகளைத் தனியே எடுத்துக் காட்டினேன்.

"அத்திம்பேர், மத்தது எது மறந்தாலும் இதை மட்டும் ஒரு நாளும் விடப்படாது. விட்டா உள்ள வெச்சது அடைச்சுக்கும்."

"டாக்டர் சொல்லியாச்சு லோகு. நீ எண்ணிக் குடு, போறும்" என்றார். ரூமில் இருந்த நர்ஸ்கூடச் சிரித்தாள்.

கோபம் என்று எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஆயுசில் நான் சொன்னதிலேயே ரொம்பச் சரியான, ரொம்ப அவசியமான வார்த்தை அது. அதற்குக் கிடைத்த மரியாதையைக் கவனித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கர்க்கடகம் பிறந்து மழை பிடித்ததும் அவருக்கு முட்டு வலி. நொச்சி இலையை வதக்கி ஒற்றடம் கொடுக்கச் சொன்னேன். சூடு பட்டால் முட்டு இளகும். சுடுதண்ணிப் பை வைத்தாலும் இளகும். இதற்காகவா அவர் என் பக்தர் ஆனார் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். மனுஷர் தினமும் காலையில் குடை பிடித்துக்கொண்டு என் கொல்லைக்கு வர ஆரம்பித்தார். நான் காய்ச்சுகிற கஞ்சியைக் கண்ணை மூடிக் குடிப்பார். வந்தவர்களிடம், "எங்க லோகு கையாக்கும், கை" என்று என் கையைப் பிடித்துக் காட்டுவார். மாத்திரை எண்ணின அதே கை.

ஒரு நாள் கஞ்சி குடித்துவிட்டு அவரே கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, அவரேதான் கேட்டார்.

"ஏ லோகு, இந்த இங்கிலீஷ் மாத்திரையெல்லாம் பத்தியத்துல ஆகுமோ?"

நான் தூதுவளையில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. சரியான பதில் எனக்குத் தெரியும். அதைத்தான் ஆஸ்பத்திரியிலேயே சொல்லி முடித்தாயிற்றே. ஒரு மனுஷனுக்கு ஒரே விஷயத்தை எத்தனை தரம் சொல்வது?

"ஆகாது" என்றேன்.

"நெஞ்சுக்குச் சாப்பிடறதுமா?"

"சூடு, சூட்டோட சேராது. பத்தியம்னா பத்தியம்தான் அத்திம்பேர். இருக்கறதும் இல்லாததும் உங்க இஷ்டம்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், கேட்டியா" என்றார்.

எனக்கு அது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியுமா தெரியவில்லை. சரியானதைச் சொன்னபோது சிரித்தவர், தப்பானதைச் சொன்னபோது தலையை ஆட்டினார். எவ்வளவு தூரம் ஆட்டுவார் என்று பார்க்கத் தோன்றியது. "இன்னொண்ணு. பத்தியத்தை வெளியில சொல்லப்படாது. சொன்னாப் பலிக்காது" என்றேன். "சங்கரிகிட்டயுமா?" என்றார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. "அக்காகிட்டயும்தான்" என்றேன்.

அக்கா வேளை தவறாமல் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரும் கொடுப்பாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கம்பெனியில் இத்தனை பேரை மேய்த்த மேனேஜர். அந்தச் சட்டைகளைத்தான் ஸுப்ரியா உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவர்களுடைய ஒரே பெண், பெங்களூரில் இருக்கிறாள். ஒரு தடவை அவளுக்குச் சந்தேகம் வந்து எனக்குப் போன் செய்தாள்.

"சித்தி, அப்பா குரல் என்னமோ ரொம்ப உற்சாகமா இருக்கே. மாத்திரையெல்லாம் ஒழுங்கா எடுத்துக்கறாரோன்னோ?"

"அம்மா கையால குடுக்கறாளே. அவளையே கேளு" என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, பாருங்கள்.

மாத்திரையை நிறுத்தியபின் அவர் தெம்பாகத்தான் இருந்தார். சில மாத்திரைகள் ஆளைச் சோர்வாக்கும். நிறுத்தினால் முதலில் சுறுசுறுப்பாகத் தெரியும். இது கவுண்டரில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அவர் இதை என் கஞ்சியின் கணக்கில் எழுதினார். கோயிலில், காய்கறிக் கடையில், படகுத் துறையில் என் பெயர்தான். சாயாக் கடைக்காரர்கூட என்னைப் பார்த்தால் எழுந்து நிற்க ஆரம்பித்தார். ஒரு மனுஷனை உங்கள் சொல்லால் நடமாட வைத்துப் பார்த்ததுண்டா, சார்? நீங்கள் போலீஸ்காரர், பார்த்திருப்பீர்கள்.

அன்றைக்குக் காலையில் மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து சந்தில் கணுக்கால் தண்ணீர். அக்கா போன் செய்தாள். "லோகு, அவருக்கு நெஞ்சை என்னமோ பண்றதாம். யூசுபை வரச் சொல்லிட்டேன். ஆனா உன்னைக் கேக்காம வரமாட்டேன்னு உக்காந்துண்டிருக்கார்."

போனேன். வாசலில் யூசுபின் ஆட்டோ தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது, இன்ஜினை அணைக்காமல். அத்திம்பேர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூத்த மாதிரி. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார்.

"வந்துட்டியா. இவ பயந்து சாகறா. நீ சொல்லு, ஆஸ்பத்திரி வேணுமோ? நீ சொன்னாப் போறேன்."

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். யூசுப் வாசற்படி வரைக்கும் வந்து, "சேச்சி, எடுக்கட்டே? அஞ்சு மினிட்டு மதி" என்றான். அஞ்சு நிமிஷம் போதும்தான். ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், பாலம்கூடத் தாண்ட வேண்டாம். மூன்று பேரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். ஆயுசில் முதல் தடவையாக, எனக்கு முன்னால் ஒருவர்கூடப் பேசவில்லை.

"வாயுவாக்கும். கஷாயம் குடிச்சா கலையும்" என்றேன். யூசுபிடம், "நீ போய்க்கோ. வேணுமானா விளிக்கறேன்" என்றேன். அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனான். அவன் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை.

சமையலறையில் சுக்கும் சீரகமும் தட்டிப் போட்டுக் காய்ச்சினேன். நிதானமாகத்தான் செய்தேன், அவசரப்பட்டால் அவர் பயந்துவிடுவார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, பாதி குடித்தார். "இப்போ தேவலை லோகு" என்றார். என்னைத் திருப்திப்படுத்தச் சொன்னார் என்று நினைக்கிறேன். மீதியைக் குடிக்கவில்லை. டம்ளர் உருண்ட சத்தத்துக்குத்தான், வெந்நீர் வைக்கப் போயிருந்த அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

அறியாமையால் செய்தேன் என்று வக்கீல் சொல்லச் சொல்கிறார். நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ள ஒரு வயசான பெண்மணி, நல்ல எண்ணத்தில் சொல்லிவிட்டாள் என்று. அப்படிச் சொன்னால் கோர்ட்டும் நம்பும். தெற்கே பார்க்காமல் மேஜையைத் திருப்பிப் போட்ட ஆட்கள்தானே எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது அவமானம். நான் பார்மசி படித்தவள். அந்த வியர்வையைப் பார்த்த உடனே தெரிந்தது. ஆனாலும் முறைப்படி, இடது கை வலிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அதற்குப் பிறகுதான் யூசுபைப் போகச் சொன்னேன், அதற்கு முன்னால் அல்ல. வரிசையை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டீர்கள். பிழைத்திருப்பார் சார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிழைத்து வந்து, டாக்டர்தான் காப்பாற்றினார் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.