முகம் போடாத பக்கம்

எனக்குக் கை நடுங்காது. எங்கள் வீட்டில் யாருக்குமே நடுங்காது. அப்பா கடைசிக் காலம் வரைக்கும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்த்தார். அந்தக் கையை நம்பித்தான் கிங்ஸ்லி அண்ணன் எனக்கு வேலை கொடுத்தார். கூடப் பிறந்தவர் இல்லை, ஊர்முறைக்கு அண்ணன்.

இன்ஸ்பெக்டர் அம்மா, அந்தச் சின்னப் புட்டி மேசைமேலேயே இருக்கட்டும். அதற்கும் வருகிறேன். முதலில் எங்கள் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

படக்கதையில் இரண்டு பேர் கை உண்டு. ஒருவர் பென்சிலால் வரைவார். இன்னொருவர் அதன்மேல் தூரிகையால் மை போடுவார். அண்ணன் பென்சில், நான் மை. மை காய்ந்ததும் பென்சிலை அழித்துவிடுவோம். அச்சுக்குப் போவது மைதான். ஆனால் புத்தக அட்டையில் அண்ணன் பெயர்தான் இருக்கும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஞாயிறு பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்துக்கு யோனாவையும் மீனையும் வரைந்து தொடங்கியவர், பிறகு சிவகாசிப் பத்திரிகைக்குத் துப்பறியும் கதைகள் வரைந்தார், அதன்பிறகு தடிமனான சித்திர நாவல்கள் வந்தன. சென்னையிலும் வெளியூர்களிலும் மாலை போட்டார்கள். அவர் எவ்வளவு உயர்ந்தாலும் மை மட்டும் பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் என் வீட்டு ஜன்னலோரத்தில்தான் காய்ந்தது.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். கற்பனையில் முகம் வரைய மாட்டார். தெருவில், கடையில், கோயிலில் பார்த்த முகமாகத்தான் இருக்கும். இது ஊருக்கே தெரியும். புத்தகம் வந்துவிட்டால் ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள், “இந்தத் தடவை யாரு சிக்கியிருக்கா?” என்று தேடுவார்கள். பாத்திரக்கடை ஆவுடைநாயகம் அண்ணாச்சி ஒரு கதையில் கொலைகாரனாக வந்தார். அவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புத்தகத்தைத் திறந்து காட்டினார். “கொலகாரனா இருந்தா என்ன வே? மூக்கு நம்ம மூக்குலா?” என்றார்.

ரொம்ப அவசரமாக இருந்தால் மட்டும் அண்ணன் முகத்தை என்னிடம் விட்டுவிடுவார். முட்டை மாதிரி ஒரு வட்டம், கண்ணும் மூக்கும் வர வேண்டிய இடத்தைக் காட்ட உள்ளே ஒரு சிலுவைக் கோடு. அவ்வளவுதான் இருக்கும். “ரோட்டுல பாத்த மூஞ்சி ஏதாச்சும் போட்டுரு, சாலோமி” என்பார். நானும் போடுவேன். இது ஊருக்குத் தெரியாது.

ஃபெபி என் தங்கை. அம்மா போனபிறகு நான்தான் வளர்த்தேன். தலை பின்னிவிட்டது, படிக்க வைத்தது, பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த அன்று சேலை கட்டிவிட்டது எல்லாம் நான். சின்ன வயதில் அம்மியில் விழுந்து இடது புருவத்தில் ஒரு தழும்பு. சிரித்தால் அந்தத் தழும்பும் சேர்ந்து சிரிக்கும்.

அவளுக்கு நாசரேத்தில் ஒரு நல்ல சம்பந்தம் முடிவாகியிருந்தது. அந்த நேரத்தில்தான் அண்ணனுடைய ‘ஆத்துக்கு அங்கிட்டு’ வெளிவந்தது. அதன் கடைசிப் பகுதியில் ஒரு பெண் வருவாள். நிச்சயம் செய்த மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே இன்னொருவனோடு திருட்டுத்தனமாக வாழ்கிறவள். அவள் ஃபெபியாக இருந்தாள். புருவத்துத் தழும்பு முதற்கொண்டு.

மாப்பிள்ளை வீட்டார் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். கத்தவில்லை. “அவரு பாக்காம எதையும் வரைய மாட்டாராம்லா? ஊரே சொல்லுது. அப்பம் இதையும் பாத்துத்தானே வரைஞ்சிருப்பாரு?” என்று மாப்பிள்ளையின் அம்மா பையக் கேட்டார்கள். காபி குடிக்காமல் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கரும்பலகையில் ஒரு புருவமும் குறுக்கே ஒரு கோடும் வரைந்து வைத்தார்கள். ஒரு சாயங்காலம் ஃபெபி ஆற்றுக்குப் போகிறேன் என்றாள். நான் மை போட்டுக்கொண்டிருந்தேன், சரி என்றேன். வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரையில் செருப்பு மட்டும் இருந்தது.

அவளை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் எங்கள் நேசையா சித்தப்பா அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டார். “ஏலே, எங்க பிள்ள மொகம்தானா ஒனக்குக் கெடச்சுது? ஏம்லே போட்ட?” அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “எம் பொஸ்தகம், சித்தப்பா. எல்லாம் எம் பொறுப்புதான்” என்றார்.

நான் அன்றைக்கே அவரை மன்னித்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஊரில் அவரோடு பேசியவள் நான் ஒருத்திதான். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். துணி துவைத்துப் போட்டேன். அவருக்கு மனைவி மக்கள் கிடையாது. பெரிய உபதேசங்களைவிட ஒரு தம்ளர் சூடான கருப்பட்டிக் காபி ஒரு மனிதனுக்கு அதிகம் உதவும் என்று நம்புகிறவள் நான்.

சில வருஷம் கழித்து அவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியது. டாக்டர் தெளிவாகச் சொன்னார். இது வலிக்காது, ஓரத்திலிருந்து பைய உள்ளே வரும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். அண்ணனுக்குக் கண்ணருகே எது வந்தாலும் பயம், இமையை இறுக்கிக்கொள்வார். பாதி மருந்து கன்னத்தில் ஓடும். “ஒங்களுக்கு எதுக்கு அண்ணே இந்தப் பாடு? நான் வந்து விடுதேன்” என்றேன். அவர் கண்ணீர் விட்டார்.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் போவேன். சின்னதாக ஜெபம் செய்வேன். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. விட்டபிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அதற்கு ஒரு சங்கீதம் சொன்னால் சரியாக இருக்கும். ஆரம்பத்தில், “எரியுது, ஏட்டி” என்று முகத்தைச் சுளிப்பார். பிறகு எரியவில்லை. “ஓங் கை பட்டா மருந்துகூட எரிய மாட்டேங்கு” என்று சொல்லிச் சிரித்தார்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எப்படி எரியும்?

புட்டியை ஒவ்வொரு தடவையும் சுத்தமாகக் கழுவித்தான் நிரப்பினேன். அழுக்குத் தண்ணீர் விட்டு அவருக்கு வலி கொடுக்கவில்லை. அதில் நான் கவனமாக இருந்தேன்.

அப்போது அவர் தன் வாழ்நாள் வேலையைத் தொடங்கியிருந்தார். பழைய கொற்கைத் துறைமுகத்தின் முத்துக்குளிப்பவர்களைப் பற்றிய பெரிய சித்திர நாவல். “இத முடிச்சிட்டேன்னா போதும் சாலோமி. அப்புறம் கண்ணு இருந்தா என்ன, போனா என்ன” என்பார். அந்தப் பக்கங்களில்தான் நான் முதலில் கண்டேன். படகுகளெல்லாம் கட்டத்தின் நடுவிலேயே நெருக்கிக்கொண்டு நின்றன. மூலைகளில் கடல் இல்லை. வெறும் தாள். அவருக்கு அங்கே தாள் இருப்பதே தெரியவில்லை.

அந்தப் பக்கங்களை அப்படியே பதிப்பாளர் பார்த்திருந்தால் கேட்டிருப்பார். அண்ணனும் டாக்டரிடம் ஓடியிருப்பார். அதனால் நான் மூலை வரைக்கும் அலை போட்டேன். கரையில் பனைமரம் போட்டேன், தூரத்தில் ஒரு பாய்மரம் போட்டேன். பதிப்பாளர், “இந்த வயசுலயும் எவ்வளவு நுணுக்கம்” என்று போன் செய்தார். அண்ணன் அதை என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். டாக்டர் அழுத்தம் குறையவில்லையே என்று மருந்தை மாற்றிக் கொடுத்தார். நான் அந்தப் புட்டியையும் கழுவினேன். அடுத்தடுத்த பக்கங்களில் கடல் சுருங்கிக்கொண்டே வந்தது, எனக்கு மை வேலை கூடிக்கொண்டே போனது. ஒருநாள் பென்சில் தாளைத் தாண்டி மேசைமேல் ஓடியது. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “லைட் போடலையா?” என்று கேட்டார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வந்த அவருடைய தங்கை மகள் டெபோரா நர்ஸ் வேலை பார்ப்பவள். நான் அன்று பாடல் ஆராதனைக்குப் போயிருந்ததால் அவள் மருந்து விட்டாள். “எரியலையா மாமா? இது எரியணும்லா?” என்று கேட்டிருக்கிறாள். கடையில் புதிதாக ஒன்று வாங்கிவந்து கண்ணில் விட்டாள். எரிந்தது. அவள் உங்களிடம் கொடுத்து, நீங்கள் மேசைமேல் வைத்திருப்பது அந்தப் பழைய புட்டிதான்.

இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் வந்ததும் சொன்னீர்களே, அண்ணன் என்மேல் புகார் கொடுக்க மாட்டேன் என்றாராம். “சாலோமிக்கு ஒண்ணும் தெரியாது, கண்ணு கூசுதுன்னு நான்தான் தண்ணிய ஊத்தி வச்சேன்” என்று எழுதிக் கொடுத்தாராம். அதனால்தான் சொல்கிறேன். கண்ணைக் கெடுத்தவள் நான். தெரிந்து, யோசித்து, தினமும் செய்தேன். இந்த ஒரு தடவையாவது அவர் என்னைக் காப்பாற்றக் கூடாது.

முந்தின தடவை எதுவென்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் செய்வீர்கள்.

‘ஆத்துக்கு அங்கிட்டு’ முடியும் சமயம் அண்ணன் சென்னைக்கு அவசரமாகக் கிளம்பினார். கடைசிப் பக்கங்களைக் கொடுத்து, மை போட்டு நேராக அச்சுக்கு அனுப்பிவிடச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முட்டையும் சிலுவைக் கோடும்தான் இருந்தன. அன்று காலையில்தான் ஃபெபி சம்பந்தம் முடிவானதைச் சொல்லிவிட்டு, “நீ தனியா இருந்துக்கிடுவேல்லா அக்கா?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். நான் தூரிகையை எடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கு அதிகம் தெரிந்த முகம் அது, கைக்குத் தானாக வந்தது. புருவத்துத் தழும்பை மட்டும் கடைசியில், மை காய்ந்தபிறகு, தனியாகப் போட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் அண்ணன், “இவதான் போட்டா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அவரை உண்மையிலேயே மன்னித்திருப்பேன்.