வெந்த பீட்சாவைப் பார்த்ததில்லை

– அதை வெட்டாதடி! உடைஞ்சா கழிவுத் தொட்டிக்குத்தான் போகும்.

– இது உன் ஃபேக்டரி இல்லக்கா, என் வீடு. ஏர் ஃப்ரையர் இத்தனூண்டு, பீட்சா அகலத்தப் பாரு. நாலா வெட்டினாத்தான் உள்ள நுழையும்.

– அப்ப கொஞ்ச நேரம் வெளிய வெய்யேன். கல்லு மாதிரி கெடக்கு. கத்தி வழுக்கிடப் போகுது.

– இளகவிட்டா அடி மாவு சொதசொதன்னு போயிடும். உறைஞ்சது உறைஞ்சபடியே போடணும். இத்தன வருஷம் இதுலயே கெடக்குற, இது கூடவா தெரியாது?

– எனக்கு எங்கடி தெரியும்? குளிர் ரூம்ல பெல்ட்டுல வரும், சீஸ் தூவுவேன், போயிடும். வெந்ததை நான் கண்ணால பாத்ததே இல்ல.

– தின்னதே இல்லியா?

– நேத்துதான் டப்பா நசுங்கினத ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கச் சொன்னாங்க. சரி, நம்ம ஆடிட்டரம்மாவுக்கு ஆச்சுன்னு தூக்கிட்டு வந்தேன். ராத்திரி வந்ததும் உன் ஃப்ரீசர்ல போட்டது நல்லதாப் போச்சு.

– கிண்டல் பண்ணாத. அந்த சீஸ லேசா அழுத்தி விடு. உள்ள விசிறி சுத்தும், லேசான சாமான் எல்லாம் பறந்து மேல கம்பியில ஒட்டிக்கும்.

– நான் போட்ட சீஸ் பறக்குமா? சூப்பர்வைசர் காதுல விழுந்தா என் மானம் போச்சு.

– சிரிச்சே மழுப்பு. வேலைய விடறேன்னு அந்த சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டியா, இல்லியா?

– முதல்ல இத உள்ள தள்ளு. பட்டன் எது? இதுவா?

– நகரு, நான் வெக்கறேன். அக்கா, கீழ இருக்குற கடைய உனக்கு வாடகைக்குத் தர வீட்டுக்காரர் சாயங்காலம் வரைக்கும்தான் பொறுப்பேன்னார். சாவி வெட்டறவர் காலி பண்ண கடை, ரோட்டப் பாத்த கடை. இன்னிக்கு சரின்னு சொல்லலேன்னா நாளைக்கு வேற எவனாவது வந்து உக்காந்துடுவான்.

– உக்காரட்டுமே. அவனும் பொழைக்க வேணாமா?

– பாத்தியா, பாத்தியா! இதான் உன்கிட்ட. தையல் மெஷின் வாங்கி வந்து மாசமாச்சு. கீழ கடை, மேல வீடு. இதுக்கு மேல ஒரு மனுஷி உனக்கு என்னதான் பண்ணுவா?

– யாரு பண்ணச் சொன்னது? என்னமோ போ. எனக்கு தையல் எல்லாம் மறந்து போச்சு.

– பொய் சொல்லாத. நான் காலேஜ் போன மொத நாளு நீ தெச்ச சுடிதாரத்தான் போட்டுட்டுப் போனேன். எந்தக் கடைன்னு பணக்கார வீட்டுப் பொண்ணுங்க கேட்டாளுங்க. எங்கக்கான்னு சொன்னா ஒருத்தியும் நம்பல.

– கழுத்துக்குத் துணியச் சாய்வா வெட்டிப் பட்டி வெச்சுத் தெச்சேனே, அதுவா? நல்லா நின்னுச்சு அது.

– ஞாபகம் இருக்குல்ல? அப்ப மறக்கல.

– ஞாபகம் வேற, வேலை வேறடி… ஏய், என்னடி இது வாசனை?

– உன் பீட்சாதான்.

– இப்படியா இருக்கும்! அங்க எதுக்குமே வாசனை கெடையாது. குளிரு வாசனைய முழுங்கிடும், மிச்சத்த மாஸ்க் முழுங்கிடும். இத்தன நாள் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு இப்பத்தான் என் மூக்குக்கே தெரியுது.

– அதத்தான் நானும் சொல்றேன். விட்டுட்டு வா.

– அவசரப்படாத. அடுத்த வருஷம் பாக்கலாம்.

– போன வருஷமும் இதையேதான் சொன்ன. நான் ஒண்ணு சொல்லட்டா? உனக்கு அந்தக் குளிர் ரூம் தேவைப்படுதுக்கா. தங்கச்சிய படிக்க வெச்ச புண்ணியவதின்னு நாலு பேர் வாயப் பொளக்கணும். நீ சந்தோஷமா இருந்துட்டா அந்தப் பேரு போயிடும் பாரு.

– இது வெந்துடுச்சான்னு எப்படித் தெரியும்?

– மணி அடிக்கும். பேச்ச மாத்தாத. பதில் சொல்லித் தொலையேன்.

– நல்லாப் பேசறடி. படிச்சதுக்கு வாய் நல்லா வளந்திருக்கு.

– அக்கா… நான் அப்படிச் சொல்ல வரல.

– சொல்லிட்டல்ல, விடு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? தையல் கடையில ஒரு வாரம் துணி வரும், ஒரு வாரம் ஈ ஓட்டணும். குளிர் ரூம்னா மாசாமாசம் சம்பளம் நிச்சயம். நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் அங்க இருப்போம், அப்புறம் எழுந்து வந்து விட்ட எடத்துல உக்காந்து தெப்போம். விட்டது விட்டபடி இருக்கும்னு நெனச்சேன். தப்பா நெனச்சுட்டேன்.

– அப்படியேதானக்கா இருக்கு! கடை இருக்கு, மெஷின் இருக்கு, நான் இருக்கேன். வேற என்ன வேணும்?

– மணி அடிச்சிடுச்சு பாரு. கருகிடப் போகுது. நீ உக்காரு, நான் எடுக்கறேன்.

– இரு, துணி எடுத்துட்டு வரேன்…

– அடடா, சீஸ் எல்லாம் உருகி எப்படிப் பொன்னாட்டம் இருக்கு! இந்தா, தட்டோட எடுத்துட்டேன். எங்க வெக்க?

– அக்கா! கீழ போடு அத! வெறுங்கையிலயா புடிச்சிருக்க?

– ஏன், என்ன?

– கொதிக்குதுக்கா! அடுப்புக்குள்ள இருந்த தட்டு! விடு, விட்டுத் தொலை… குழாய்க்கிட்ட வா. கையக் காட்டு. ஐயோ, தோலே கழண்டு நிக்குது. எரியலயா உனக்கு?

– கத்தாதடி. பக்கத்து வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு ஓடி வந்துடப் போறாங்க.

– எரியுதா, இல்லியா?

– இல்ல.

– எப்பலேருந்து இப்படி? டாக்டர்கிட்ட போனியா?

– போனேன். குளிருல விரல் நரம்பு மரத்துப் போச்சாம், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும்னார்.

– ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? ஏன் சொல்லல?

– மெஷின் வந்த அன்னிக்கு நீ எவ்வளவு குதிச்ச. நீ ஆபீஸ் போனதும் ஆசையா உக்காந்து உனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கலாம்னு ஓட்டிப் பாத்தேன்டி. ஊசி விரல்ல ஏறி எறங்கினது, துணி செவந்த பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது.