ஒன்பதாம் பிரிவைத் திரும்பப் பெறுகிறேன்

1. இப்போது பேசுபவன், ரெட்டியார்பாளையத்தில் வசிக்கும் கிருஷ்ணசாமியின் மகன் விஜயராகவன்; வயது ஐம்பத்திரண்டு; தொழில், வழக்கறிஞர்.
2. மேற்படி நபரே கருவடிக்குப்பம் பெண்கள் கால்பந்துக் குழுவின், அதாவது பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் குழுவின், பயிற்சியாளரும் ஆவான்.
3. சொல்லப்போவது யாவும் அவன் அறிந்தவரை உண்மை.

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சின் நீளம் தெரிந்தும் அஞ்சாது அமர்ந்திருக்கும் அமலநாதன் ஐயா அவர்களே, ஆடுகளத்து வெயிலில் நின்று குரல் கொடுக்கும் பெரியோர்களே, சேறு படிந்த காலுறைகளைச் சலிக்காமல் துவைத்துத் தரும் தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்து, நான் வாய் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட ஆட்டக்காரச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான மாலை வணக்கம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உப்பளம் மைதானத்தில் நமக்கு இறுதி ஆட்டம். இன்று மாலை ஆறு மணிக்குள் ஆட்டக்காரர் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். சென்ற வாரம் நம் குழுவில் பதினாறு பேர். இன்று எத்தனை பேர்? ஆறு பேர். ஏழுக்குக் குறைந்தால் ஆட்டமே இல்லை என்பது விதி. பத்துப் பேரைப் பறித்தது யார்? எதிரணியா? இல்லை. காய்ச்சலா? இல்லை. காலாண்டுத் தேர்வா? அதுவும் இல்லை. என் பேனா.

பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள் போட்டி நடத்துபவர்கள். மற்றப் பயிற்சியாளர்கள் நான்கு வரி எழுதினார்கள். நான் நான்கு பக்கம் எழுதினேன். ஆஃப்சைடு விதியை விளக்க மூன்று மாலைகள் எடுத்துக்கொண்டவன் அல்லவா நான்? மூன்றாம் நாள் நம் கோல்கீப்பர் அறிவுமதி கையைத் தூக்கி, "சார், நீங்க முடிக்கறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிடும் சார்" என்றாளே, அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த நான்கு பக்கத்தில் ஒன்பதாம் பிரிவு. படிக்கிறேன், பொறுத்தருளுங்கள். 'எலும்பு முறிவு, பல் இழப்பு, பார்வைக் குறைவு, கோல் கம்பம் சாய்தல், இடி விழுதல் முதலான எதற்கும் பயிற்சியாளர் எவ்வகையிலும் பொறுப்பாகார்.'

"இடியுமா, முசே?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்கிறார் தலைவர். ஆம் ஐயா, இடியும்தான்.

கடிதத்தைக் கையெழுத்திடாமல் முதலில் திருப்பித் தந்தவர், அறிவுமதியின் தாயார், தையல் தொழில் செய்யும் அஞ்சலாட்சி அம்மையார். என் அலுவலக வாசலில் நின்றே கேட்டார்: "ஏன் சார், பந்தாட கூப்புடுறீங்களா, சண்டைக்கு கூப்புடுறீங்களா?"

சட்டப்படியான முன்னெச்சரிக்கை அம்மா என்றேன். அவர் தாளைத் தட்டிக் காட்டினார். "எம் பொண்ணுக்கு என்னென்ன ஆவும்னு யோசிச்சு யோசிச்சு எழுதியிருக்கீங்க. கடைசியில உங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு எழுதிக்கிட்டீங்க. நான் யார நம்பி அனுப்பறது?"

இருபத்தாறு ஆண்டுகள் வாதாடியவன், அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மறுநாளே மேலும் ஒன்பது கடிதங்கள் திரும்பி வந்தன.

பெரியோர்களே, கோல்கீப்பர் என்பவள் யார்? அடிபடும் என்று தெரிந்தும் பந்தின் மேல் பாய்பவள். பதினான்கு வயதுப் பெண் அப்படிப் பாயும்போது, பயிற்சியாளன் பத்திரத்தின் பின்னால் பதுங்கலாமா? பதுங்கினேன். அது தவறு.

ஆகவே, ஒன்பதாம் பிரிவை முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இந்த அவையில் திரும்பப் பெறுகிறேன். புதிய சம்மதக் கடிதம், நான்கே வரியில், மேசைமேல் இருக்கிறது. அதற்கு முன் என் உறுதிமொழி: களத்துக்கு அழைத்துச் செல்பவன் நான், பொறுப்பு என்னுடையது. கம்பங்களை அசைத்துச் சோதிப்பவன் நான், பொறுப்பு என்னுடையது. அடிபட்டால் அள்ளிக்கொண்டு ஓடுபவன் நான், பொறுப்பு என்னுடையது. பிள்ளைகள் வீட்டு வாசலை மிதிக்கும்வரை, பொறுப்பு என்னுடையது.

"பல்லு?" என்கிறார் பின்வரிசையில் ஹேமலதா அம்மையார். பல்லுக்கும் நானே பொறுப்பு, அம்மா. மேகம் கறுத்தால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்பவனும் நானே.

இதற்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். ஒருவர் தலைவர். மற்றொருவர், நான் எழுதியதை என்னைவிடக் கவனமாகப் படித்த அஞ்சலாட்சி அம்மையார். அம்மா, மேடைக்கு வாருங்கள். படியுங்கள். பிடிக்காத வரியை அடித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

மணி ஐந்தேகால். பொறுத்த செவிகளுக்கு நன்றி. கையொப்பமிட வரப்போகும் தாய்மார்களுக்கு முன்கூட்டியே நன்றி. வணக்கம்.

(ஒப்பம்)
கி. விஜயராகவன்

சாட்சிகள்:
1. அமலநாதன், அவைத்தலைவர்
2. அஞ்சலாட்சி. முழுசா படிச்சிட்டேன். எதையும் அடிக்கல. அறிவுமதி வருவா.