விடு என்ற சொல்

இடுப்பு வலிக்கிறது. முதுகு சாய்கிற மாதிரி நாற்காலி இருந்தால் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். பதினெட்டு வருடம் கிடங்கில் மூட்டை தூக்கிய இடுப்பு. ஒரு நாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தால் மட்டும் வலி தெரியாது. ஏன் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை.

உங்கள் ஸ்டேஷன் வாசலில் கட்டியிருக்கும் நாயைப் பார்த்தேன். வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துக் குரைக்கிறது. அங்கே நிற்கிற உங்கள் ஆள், "ஏய் சும்மா இரு, சும்மா இரு" என்று கத்திக்கொண்டே இருக்கிறார். தன்னோடு சேர்ந்து இவரும் குரைக்கிறார் என்றுதான் அது நினைக்கும். கத்தவே கூடாது. மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தும் பாருங்கள், அந்த நொடியில் வாயில் ஏதாவது ஒரு துண்டைப் போட வேண்டும். காலையில் அரை மணி நேரம் நடத்திக்கொண்டு போகச் சொல்லுங்கள். பத்து நாளில் அடங்கிவிடும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இதுவும் அதில் சேர்ந்ததுதான்.

நாய் பழக்குவதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஒரு சொல்லை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்தால் அந்தக் கணமே கூலி கொடுத்துவிட வேண்டும். நான் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுப்பேன். நீ செய்தது சரி, வந்து வாங்கிக்கொள் என்று அதற்கு அர்த்தம். எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு என் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். அவித்த ஈரல் ஒரு துண்டு கொடுப்பேன். அன்றைக்கு வரை ஒரு தடவைகூட டொக் என்றுவிட்டுக் கொடுக்காமல் இருந்ததில்லை. கிடங்கில் எங்கள் கூலியை இழுத்தடித்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் புத்தி நாயிடம் காட்டக் கூடாது.

இதைக் கிடங்கில்தான் கற்றேன். காவல் நாய்கள் இரண்டு இருந்தன, ஒருவரையும் அண்டவிடாது. எனக்கு மட்டும் அடங்கின. கூட மூட்டை தூக்கியவர்கள் கேலி செய்வார்கள். "இவன் சொன்னா நாய் என்னடா, மூட்டையே ஏந்திரிச்சு வண்டியில ஏறும், நாம எதுக்கு?" என்பார்கள். என் தம்பியும் அங்கேதான் தூக்கினான். அவன்தான் சொன்னான், "அண்ணா, உன் கை, என் வாய். ரெண்டு போதும்ணா. இந்த மூட்டைய இறக்கி வச்சிடலாம்." இறக்கி வைத்தோம். ஊர் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தோம். செருப்பைக் கடிக்கிற நாய், சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாய், வீட்டுக்குள் மூத்திரம் போகிற நாய், தனியாக விட்டால் அழுகிற நாய் என்று வந்தன. எல்லாவற்றையும் நான் பார்த்தேன். வந்த மனிதர்களை அவன் பார்த்தான்.

மூன்றாவது வருடம், வாசல் கேட்டில் நின்ற ஒரு டீச்சரம்மா தன் நாயின் சங்கிலியை என் கையில் தரவில்லை. பின்னால் மறைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தம்பிதான் சொன்னாரு, நீங்க கம்பு எடுத்துதான் பழக்குவீங்கன்னு. போட்டோகூடக் காட்டினாரு" என்றார்.

அந்தப் படம் எனக்குத் தெரியும். எறிந்த குச்சியை எடுத்துவரப் பழக்கும்போது தம்பி தன் போனில் எடுத்தது. நான் குச்சியை ஓங்கியிருப்பேன், முன்னால் நாய் பம்மி உட்கார்ந்திருக்கும். அடுத்த நொடி குச்சி பறந்தது, நாயும் பின்னால் பறந்தது. படத்தில் அடுத்த நொடி இல்லை.

நான் ஒரு நாயையும் அடித்ததில்லை ஐயா. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் கேட்டேன். அவன் மழுப்பவில்லை. "ஜனங்களுக்கு ஒரு முகம்தான்ணா வேணும். ரெண்டு பேர் நின்னா யார்கிட்ட பேசுறதுன்னு குழம்புறாங்க. நீ பின்னாடி கூண்டைப் பாத்துக்க, சோறு வை. முன்னாடி வராத. உனக்கு என்ன குறை வைக்கப் போறேன்?" என்றான். புதுப் பலகையில் அவன் முகம் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் முன்னால் அவன் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. "ஏங்க, அந்தத் தண்ணிய மாத்துங்க" என்பான்.

கூண்டைப் பார்த்துக்கொண்டேன். அதில்தான் கருவாயன் இருந்தான். கண் திறக்காத குட்டியாக நான் எடுத்து, பஞ்சில் பால் நனைத்து வளர்த்தவன். அவனுக்கு நான் பழக்கிய வேலை ஒன்று ஊரில் வேறு எந்த நாய்க்கும் வராது. வெறும் மணிக்கட்டை நீட்டினால் கவ்விப் பிடிப்பான், முட்டையைப் பிடிக்கிற மாதிரி. தோலில் தடம்கூடப் படாது. 'விடு' என்றால் விட்டுவிடுவான். தம்பி காட்சி நடத்தும்போதெல்லாம் கடைசியில் அதைத்தான் காட்டுவான். மழைக்காலமும் புதுக் கட்டட வேலையும் சேர்ந்து காட்சி கிடையாது. ஐந்து மாதம் கருவாயனைத் தொட்டவன் நான் மட்டும்தான்.

அந்த ஐந்து மாதத்தில் நான் செய்தது சின்ன வேலை. தடித்த கயிறு ஒன்றை அவன் வாயில் கொடுத்தேன். 'விடு' என்றேன். வழக்கப்படி விட்டான். நான் ஒன்றும் செய்யவில்லை. டொக்கும் இல்லை, துண்டும் இல்லை. குழம்பிப் போய் என் முகத்தைப் பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது. மறுபடி கயிறு, மறுபடி விடு. ஒரு நாள் சந்தேகப்பட்டுப் பல்லைக் கொஞ்சம் இறுக்கினான். உடனே டொக், ஈரல். கெட்டிக்கார நாய், ஒரு வாரத்தில் புரிந்துகொண்டான். அப்புறம் கயிற்றுக்குப் பதில் தோல் பட்டை, அதற்குப் பிறகு சதை ஒட்டிய எலும்பு. விடு என்றால் இன்னும் இறுக்கு. நான் அவனைக் கடிக்கப் பழக்கவில்லை. ஒரு சொல்லின் அர்த்தத்தை மட்டும்தான் மாற்றினேன்.

தம்பியின் கைக்காகச் செய்தது அது. மறைக்க ஒன்றுமில்லை. அவன் வாய் போதும், கை எதற்கு என்று நினைத்தேன்.

புதுக் கட்டடத் திறப்புக்கு ஒரு வாரம் முன்னால் அவன் கூண்டுப் பக்கம் வந்தான். "இந்தத் தடவை நான் கை குடுக்கல. பாப்பா குடுக்கட்டும். ஒம்பது வயசுப் பிள்ள கையக் குடுத்தா எவனும் யோசிக்க மாட்டான்" என்றான். நாய் தயாரா என்று கேட்டான். தயார் என்றேன். ஒத்திகை பார்க்கலாமா என்று நானே கேட்டேன். "நீ பழக்கினதுக்கு எதுக்குண்ணா ஒத்திகை?" என்று சிரித்துவிட்டுப் போனான். பக்கத்தில் ஆள் இல்லாததால் அண்ணா என்றான்.

யோசித்துப் பாருங்கள். ஊர் முழுக்க என்னை லாயக்கில்லாதவன் என்று சொன்னவன், தன் மகள் கையை என் வேலையை நம்பித்தான் கொடுத்தான். அன்றைக்கு நான் அழுதிருக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பாப்பா தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஈரல் நறுக்கிக் கொடுப்பாள். மூக்கைப் பொத்திக்கொண்டே நறுக்குவாள். முந்தின நாள் கேட்டாள். "பெரியப்பா, கருவாயன் கடிக்க மாட்டான்ல?"

"நீ விடுன்னு சொன்னா விட்டுடுவான்டா. ஒரு தடவைதான் சொல்லணும். கத்தக் கூடாது" என்றேன்.

அவள் அப்படியேதான் செய்தாள். பத்தரை மணி வெயிலில், நூறு பேர் வட்டமாக நிற்க, கையை நீட்டினாள். கருவாயன் முட்டையைப் போலப் பிடித்தான். கை தட்டினார்கள். அவள் மெதுவாக, ஒரே ஒரு தடவை சொன்னாள்.

மீதியை நீங்கள் ஐம்பது பேரிடம் கேட்டு எழுதியிருப்பீர்கள். தம்பி ஓடி வந்து விடு, விடு, விடு என்று கத்தினான். நாய்க்கு ஒவ்வொன்றும் ஒரு உத்தரவு. அவனுக்கு அது தெரியாது. நான் எட்டடி தள்ளித் தண்ணீர் வாளியோடு நின்றேன். என் நாக்கு வாய்க்குள்தான் இருந்தது.

தம்பி என் பக்கம் திரும்பினான். "அண்ணா, உன் நாய்ண்ணா. நீ சொன்னாத்தான் கேக்கும். சொல்லுண்ணா."

அத்தனை பேர் முன்னால் சொன்னான். ஆனால் அழுகையில் குரல் கம்மிவிட்டது, பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. டீச்சரம்மா பின்வரிசையில் நின்றார். இன்னொரு தடவை சொல்லட்டும் என்று இருந்தேன். சொன்னான். அதற்கப்புறம் டொக் என்றேன்.

கருவாயன் அந்த நொடியே விட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையைப் பார்த்தான். வாலை ஆட்டினான்.

பாப்பாவுக்கு இரண்டு விரல் மடங்காது என்று சொல்கிறார்கள். இடது கையால் எழுதப் பழகலாம், சின்ன வயசு. தம்பிக்கும் எனக்கும் கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்கிறேன். அவன் என்ன நினைக்கிறான் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், என்னிடம் பேச மாட்டேன் என்கிறான்.

கருவாயனை அன்று மத்தியானமே ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். வேறு யாரும் கிட்டே வரவில்லை. அப்போதும் அவன் என் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காகிதத்தில் மடித்தது உள்ளே இருந்தது. அத்தனை பேர் பார்க்கும்போது எப்படி எடுத்துக் கொடுப்பது?

சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு ஒரு துண்டு ஈரல் பாக்கி.