லவீனா நின்ற இடம்

கிறிஸ்து பிறப்பு ஒளிவிழாவுக்குத் தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, என் பிள்ளைக்குப் பாலே நடனம் பழக்கிய றஜிதா ரீச்சர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, பெற்ற வயிறு எரிந்தால் எப்படி இருக்கும் என்று அறிந்த தாய்மாரே, ஆட உடுத்தி வந்து வாடிய முகத்தோடு நிற்கும் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் குருநகர் லெனாட்டின் மனைவி றோஸ் சொல்லும் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மேடை எனக்குப் புதிது. ஒலிவாங்கியும் புதிது. பின்னுக்குக் கேட்கவில்லையா? ஓம், ஓம், கிட்டப் பிடிக்கிறேன்.

ஆடி மாதக் காய்ச்சல் ஒன்று என் மகள் லவீனாவைக் கொண்டு போனது. அவள் இங்கே மேல்வகுப்பில் பாலே பழகினாள் என்று உங்களுக்குத் தெரியும். என்ன பழகினாள் என்று தெரியுமா? இதோ, எனக்குப் பின்னால் இடுப்பளவில் நிற்கிறதே மரச்சட்டம், இதைப் பிடித்துக்கொண்டு கால் அசைவைத்தான் பழகுகிறார்கள் என்றே நானும் நினைத்திருந்தேன்.

வீட்டிலே வலை காயப்போடும் தடிதான் அவளுக்குச் சட்டம். கழுத்தை ஒருபக்கம் சாய்த்தபடி நிற்பாள். அயல்வீட்டு றெஜி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "றோசக்கா, உங்கடை பிள்ளைக்குக் கழுத்துச் சுளுக்கோ?" என்றான். நானும் நம்பித் தைலத்தோடு ஓடினேன். சிரியுங்கள், அவளும் அப்படித்தான் சிரித்தாள்.

"ஐயோ, சுளுக்கில்லையணை அம்மா! கால் போய்ச் சேருற நேரம் தலையும் போய்ச் சேரவேணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. கண் கையோடை போகவேணும். தலை விறைச்சு நிண்டால் அது தேகப்பயிற்சி, ஆட்டமில்லை."

"எல்லாம் சரி, தடியை விடு பிள்ளை, வலை காயவேணும்" என்பார் தகப்பன்.

இப்போது அந்தத் தடியில் வலை மட்டும்தான் காய்கிறது.

சபையோரே! போன சனிக்கிழமை, அவள் போனபின் முதன்முதலாக வகுப்பைப் பார்க்க வந்தேன். வரிசையின் முன்னுக்கு அவள் நின்ற இடம் வெறுமையாய் இருந்தது. சட்டத்தில் வெள்ளை றிபன் கட்டியிருந்தது. அன்பினால் விட்ட இடம். அதை நான் குறை சொல்வேனா? பாட்டு எழும்பியது. கால்கள் நீண்டன. கைகள் விரிந்தன. தலைகள்? ஒரு தலையாவது கையோடு போனதா? ஒரு பார்வையாவது விரலோடு போனதா? எல்லாத் தலைகளும் அந்த றிபனுக்கே திரும்பி விறைத்து நின்றன.

"தலை, பிள்ளையள், தலை!" என்றார் ரீச்சர். பிறகு அவரும் அங்கேதான் பார்த்தார். என்னிடம் வந்து, "எனக்கு ஏலாது றோசக்கா. ஒளிவிழாவோடை வகுப்பை நிப்பாட்டப்போறன்" என்றார்.

தாய்மாரே, நீங்களே சொல்லுங்கள். தலை சாய்க்கும் அழகுக்காக நாளெல்லாம் நின்றவளின் பெயரால் இத்தனை தலைகள் விறைக்கலாமா? சாவுக்கு என் பிள்ளையைக் கொடுத்தேன். அவளுடைய ஆட்டத்தையும் கொடுக்கவேண்டுமா? கொடுக்கமாட்டேன்! வெறுமை வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வாருங்கள், அங்கே நிறைய இருக்கிறது. இந்தச் சட்டத்தில் ஓர் இடமும் வெறுமையாய் இருக்க வேண்டாம்.

ஜெயனி, என் மகளுக்குப் பின்னால் நின்றவள் நீ. வா பிள்ளை. பயப்பிடாதை, றிபனை நானே அவிழ்க்கிறன். முடிச்சு இறுகிப்போச்சு. ரீச்சர், நீங்களும் ஒருக்கால் பிடியுங்கோ.

ஓம். வந்துவிட்டது.

இதிலை நில்லு, ஜெயனி. முன்னுக்குப் பார்க்க ஒருத்தரும் இல்லை. உன்ரை கையைப் பார்.

ரீச்சர், பாட்டைப் போடச் சொல்லுங்கோ.

சபையோரே, பொறுத்திருந்து கேட்டதற்கு நன்றி. கைகூப்ப முடியவில்லை, கையில் றிபன் இருக்கிறது. என் பிள்ளை காட்டித் தந்தபடி தலை சாய்த்து வணங்குகிறேன்.