ஒன்பது நாள் ஆறிய கடிதம்

— ஆளில்லாத கதிரைக்கோ வணக்கம் சொல்லுறது?

— ஓம் அப்பா. ஆளுநர் எண்டு பேர் ஒரு இளவரசருக்கு. அந்த மனிசன் தெஹ்ரானை விட்டு ஒருநாளும் அசையேல்லை. காலமை கந்தோர் திறந்தவுடனை எல்லாரும் வரிசையா வந்து, அவற்ர வெறுங் கதிரைக்குக் குனிஞ்சு கும்பிட்டுப்போட்டுத்தான் பேனையைத் தொடுறது. கதிரைக்கு வலப்பக்கம் துணை ஆளுநர் ஹாதி கான். இடப்பக்கம் காவல் அதிகாரி காசிம் கான். ரெண்டு பேருக்கும் அந்தக் கதிரையில ஒரு கண்.

— எந்தக் கந்தோரிலையும் அப்பிடித்தான், வதனா. கதிரை ஒண்டு, கண் ரெண்டு. கொஞ்சம் தள்ளி இரும். இது நேர ஹரோவுக்குப் போற ட்ரெயின், நித்திரை வந்தா புருசன்ர தோள் இருக்கு, சாயும்.

— நித்திரை இல்லை. இந்த ஜன்னல் மழையைப் பாத்துக்கொண்டிருந்தா எனக்கு அந்த ஊர்தான் தெரியுது. நாலு மாசமா லைப்ரரி வேலையில அந்த ஒரு பெட்டிப் பழைய கடுதாசிகளைத்தானே படம் எடுக்கிறன். இப்ப எனக்கு ஹரோவில தெருப் பேர் மறந்தாலும் அந்த ஊரில எந்த மதிலில எந்தக் கொடி எண்டு சொல்லுவன்.

— விளங்குது. இதெல்லாம் எந்தக் காலம்?

— நூறு வருசத்துக்கு மேலை. பாரசீகம் எண்டு சொன்ன காலம். வடக்கை ரஷ்யன் தன்ர பங்கு எண்டு பிடிச்சு வைச்சிருந்தான், தெற்கை வெள்ளைக்காரன். எங்கட ஊர் நடுவில அம்பிட்டுப் போச்சு.

— எங்கட ஊரோ?

— அந்த ஊர் எண்டு வையுங்கோ. அங்கை ரெண்டு நாட்டுக்கும் கொன்சல் எண்டு ஒவ்வொரு தூதர், பெரிய தோட்டம், பெரிய வாசல். ரஷ்யக் கொன்சல் இருபது குதிரைக்காரரோட உலாப் போனா, இங்கிலீஸ் கொன்சல் அடுத்தநாள் இருபத்தொரு குதிரைக்காரரோட போவார். பிறகு மற்றவர் இருபத்திரண்டு. இப்பிடியே ஒரு மாரிகாலம் முழுக்க நடந்திருக்கு. ஊர்ச்சனம் குளம்புச் சத்தத்தைக் கேட்டுக் கணக்குப் பண்ணி எந்தப் பக்கம் ஒதுங்கிறதெண்டு பாக்குமாம்.

— நல்ல வேலை. அப்ப உம்மட ரெண்டு கானும்?

— ஹாதி கானைத் தூக்கிப் பிடிச்சது இங்கிலீஸ்காரன். காசிம் கானைத் தூக்கிப் பிடிச்சது ரஷ்யன். கதிரைக்காரர் தெஹ்ரானில நல்ல நித்திரை.

— நீர் இதுகளை எனக்கு வடிவாச் சொல்லுறீர். பக்கத்து வீட்டு மனிசி இப்ப கதவடியில நிண்டு கேக்கப் போறா. அவவுக்கு என்ன சொல்லப் போறீர்?

— அதுதான் அப்பா தெரியேல்லை. பர்வானேக்கு எண்பது வயசு. திங்கக்கிழமை நெஞ்சு ஒப்பரேசன். அதுக்கு முதல் அவவுக்கு ஒண்டே ஒண்டு தெரிஞ்சாப் போதுமாம். ஹாதி கான் அவவின்ர அம்மாவைப் பெத்த தகப்பன். அந்த மனிசன் காசிம் கானை வெள்ளைக்காரனுக்குக் காட்டிக்குடுத்தவரோ, இல்லையோ?

— நூறு வருசத்துக் கதைக்கு இப்ப என்ன அவசரம்?

— காசிம் கானின்ர பேத்தி ஈலிங்கில இருக்கிறா. ரெண்டு பேரும் ஒரே வருசம் லண்டன் வந்தவை. அங்கை சின்ன வயசில ஒரே பள்ளிக்கூடம். அவையின்ர புதுவருசத்துக்கு ரெண்டு பேரும் ஒரே கடையிலதான் சாமான் வாங்குறவை, முகத்தைத் திருப்பிக்கொண்டு. நாப்பத்தஞ்சு வருசமா ஒரு சொல் இல்லை. நான் அந்தப் பெட்டியைத்தான் படம் எடுக்கிறன் எண்டு வாய்தவறிச் சொல்லிப்போட்டன். அண்டையில இருந்து மனிசி எனக்குச் சோறு சமைச்சுத் தாறா.

— அந்தக் குங்குமப்பூச் சோறு அதுதானோ. நான் சும்மா அன்பெண்டு நினைச்சன்.

— அன்பும்தான்.

— அப்ப, காட்டிக்குடுக்கேல்லை எண்டு சொல்லிவிடும்.

— இண்டைக்கு மத்தியானம் அந்தக் கடிதம் கையில வந்திட்டுது.

— என்ன கடிதம்?

— ஹாதி கான் இங்கிலீஸ் கொன்சலுக்கு எழுதினது. காசிம் கான் ஊரைக் குழப்புறான், உங்கட குதிரைப்படையை அனுப்பி அவனைப் பிடியுங்கோ எண்டு. கொன்சலின்ர ஆள் இங்கிலீசில மாத்தி எழுதிப் பக்கத்தில வைச்சிருக்கிறான். கீழை ஹாதி கானின்ர முத்திரை. கையை எடுக்கேலாமல் அதிலேயே வைச்சுக்கொண்டு நிண்டன்.

— ம். வெளியில இருந்து வந்த படை தன்பாட்டில வீடு புகேலாது. உள்ளூர் அதிகாரி ஒருத்தன் எழுத்தில கேக்க வேணும். கடுதாசி இல்லாமல் படையின்ர துவக்கு நடக்காது, வதனா. எங்கையும் அதுதான்.

— நீங்கள் பொய் சொல்லச் சொல்லுவீங்கள். நானும் அதைத்தான் யோசிச்சன். ஆனா படம் எடுத்தாச்சு. நாளைக்குக் கம்ப்யூட்டரில ஏறினா உலகம் பாக்கும். ஈலிங்க்காரி பாக்க மாட்டாவோ?

— பாப்பா. இதென்ன, பிஞ்ச்லி றோட்டோ?

— ஓம். கேளுங்கோ, சாப்பாட்டு நேரம் ஸ்டாப் றூமில கண் அயர்ந்திட்டன். கனவில ஹாதி கான் எங்கட ஹோலில சோபாவில இருக்கிறார். தொப்பி கழட்டேல்லை. டீவிக்குப் பக்கத்தில ஒரு வாதுமை மரம், பூத்துக்கொட்டுது. காப்பெற்றில எல்லாம் பூ. நான் கூட்டுமாறை எடுக்கிறன். அவர் "பிள்ளை, அவசரப்படாதை" எண்டுறார். தமிழில.

— யாழ்ப்பாணத் தமிழோ, கொழும்புத் தமிழோ?

— பகிடி விடாதேங்கோ. எனக்கு அழுகை வந்தது. அந்தாளை எனக்குப் பிடிச்சிருந்தது அப்பா. நாலு மாசமா அவற்ர எழுத்தோடதானே இருக்கிறன். பாவம், நோயாளி மனிசன்.

— என்ன நோய்?

— ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்டு. அந்த மாசம் கொன்சலுக்குச் சின்னச் சின்னத் துண்டா எழுதியிருக்கிறார். ஒண்டில, பல்லுக்கொதி, தலை தூக்கேலாது, மன்னிக்க வேணும். அடுத்ததில, முத்திரை மோதிரம் முத்தத்துக் குளத்துக்குள்ளை விழுந்திட்டுது, தண்ணி இறைக்கினம். மற்றதில, நாள் சரியில்லை எண்டு சாத்திரி சொல்லிப்போட்டான், ரெண்டு நாள் பொறுங்கோ. நாங்கள் அதுகளைப் பல்வகை எண்டு வேறை கட்டில போட்டனாங்கள். என்னோட வேலை செய்யிற பிறின்சி வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சவள்.

— நில்லும். அந்தத் துண்டுகளில திகதி போட்டிருக்கோ?

— மார்ச் அஞ்சு, எட்டு, பத்து.

— காட்டிக்குடுத்த கடிதத்தில?

— மார்ச் மூண்டு.

— அது அவர் எழுதின திகதி. கொன்சலுக்குக் கிடைச்ச திகதி பின்பக்கம் இருக்கும். சீல் அடிக்காமல் ஒரு கந்தோரும் கடிதம் எடுக்காது.

— பொறுங்கோ, ஃபோனில குறிச்சு வைச்சனான்... பன்ரண்டு. ஊதா மையில, பன்ரண்டு.

— ரெண்டு பேற்ர கந்தோருக்கும் எவ்வளவு தூரம்?

— கிட்ட. வாதுமைத் தோட்டத்துக்குள்ளால போனா பத்து நிமிச நடை.

— பத்து நிமிச நடைக்கு ஒன்பது நாளோ? இப்ப சொல்லும். காசிம் கானைப் பிடிச்சவங்களோ?

— இல்லை. படை போகேக்க வீடு வெறுமை. அவர் ஆறாம் திகதியே தந்திக் கந்தோருக்குள்ளை போயிட்டார், நாப்பது பேரோட. அங்கை அப்பிடி ஒரு வழக்கம் அப்பா. தஞ்சம் எண்டு தந்திக் கந்தோருக்குள்ளை காலை வைச்சிட்டா ஒருத்தரும் தொடேலாது. அந்தக் கம்பியின்ர மற்ற நுனி ராசாவின்ர சிம்மாசனத்துக் காலில கட்டியிருக்கு எண்டு சனம் நம்பினதாம். இங்க அழுதா அங்க கேக்குமாம். கம்பிக்குக் கீழை கம்பளத்தை விரிச்சு, காத்துக்குக் கம்பி பாடுறதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கினம். பகிடி என்னெண்டா, அந்தத் தந்திக் கந்தோரை நடத்தினது இங்கிலீஸ்காரர். தங்கட கூரைக்குக் கீழை வந்தவனைத் தாங்களே பிடிச்சா வெக்கக்கேடெண்டு விட்டிட்டாங்கள். பிறகு ஒரு மாதிரிக் கதைச்சுப் பேசிக் காசிம் கான் எல்லை கடந்து போயிட்டார்.

— கேளும், வதனா. துணை ஆளுநரை ஒரு கொன்சல் எழுது எண்டா, எழுதாமல் விட ஏலாது. அவன் எழுதாட்டி அந்தக் கதிரையில வேறை ஒருத்தனை இருத்தி எழுதுவிப்பாங்கள். அதால எழுதிப்போட்டு, மேசையில ஆற விடுறது. பல்லுக்கொதி, மோதிரம், சாத்திரி எல்லாம் அதுக்குத்தான். ஆறுற நேரத்துக்குள்ளை விசயம் ஆற்றையோ காதால போக வேண்டிய இடத்துக்குப் போயிடும். உம்மட ஆளுக்கு மூண்டு நாள் போதுமா இருந்திருக்கு. மற்ற ஆறு நாளும் சந்தேகம் வராமல் இருக்க.

— தன்ர எதிரிக்காகவோ?

— எதிரிக்காகத்தான்.

— அப்ப அவர் காட்டிக்குடுக்கேல்லை.

— அந்தக் கடிதம்தான் அவர் காப்பாத்தினதுக்குச் சாட்சி. முன்பக்கத்தை மட்டும் வாசிச்சா துரோகி. பின்பக்கத்தைத் திருப்பினா வேறை ஆள்.

— ஐயோ அப்பா. நூறு வருசமா அந்தாளைத் திட்டியிருக்குதுகள், சொந்தப் பிள்ளையளே. நாளைக்கு அந்த நாலு கடுதாசியையும் ஒண்டாச் சேத்து ஒரே கட்டில வைக்கப் போறன். பர்வானேயை ஈலிங்குக்கு நானே கூட்டிக்கொண்டு போவன். திங்கக்கிழமைக்கு முதல்.

— போங்கோ ரெண்டு பேரும். நல்ல காரியம்.

— உங்களைக் கட்டினதில இண்டைக்குத்தான் ஒரு பிரயோசனம். எப்பிடி உடனை பிடிச்சனீங்கள்?

— கச்சேரிக் கந்தோரில எட்டு வருசம் தபால் பகுதியில இருந்தவன், வதனா. கடுதாசி நடக்கிறதைப் பாத்தே சொல்லுவன். எங்கட மேலதிகாரி ஐயாவும் இதே ஆள்தான். கூடாத கட்டளை ஏதும் வந்தா எழுதிக் கையெழுத்தும் வைச்சுப்போட்டு, "ஆறட்டும் குகதாசன்" எண்டு மேசைத் தட்டில போடுவார். எத்தினை பேர் அந்தத் தட்டால தப்பினது.

— எந்த ஐயா?

— வெம்பிளி பார்க் வந்திட்டுது. சனம் ஏறப் போகுது, பையை எடும்.

— கிறிஸ்துராஜா ஐயாவோ? செவன் கிங்ஸில இருக்கிறவரோ?

— ஓம்.

— அந்த மனிசன் மகளின்ர கலியாணத்துக்குக் காட் கொண்டுவந்து எங்கட வாசலில நிண்டவர். நான் கதவு திறக்கேல்லை. கோயில் திருவிழாவில கண்டு "தங்கச்சி" எண்டு கூப்பிட, நான் காறித் துப்பாத குறை. என்ர நிர்மலண்ணாவை ஆமிக் காம்ப்புக்குக் காட்டிக்குடுத்த கை எண்டு.

— உம்மை ஒருத்தரும் பிழை சொல்லேலாது. எண்பத்தெட்டாம் வருசம். எங்கட ஊரிலையும் அப்ப வெளியில இருந்து வந்தவைதான் கொடி ஏத்தி இருந்தவை.

— பிடிக்கச் சொன்ன கடுதாசியில ஆறு பேற்ர பேர். ஐயா கையெழுத்து வைச்சது எண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள்.

— வைச்சவர். அதில பொய் இல்லை.

— அவர் அதை ஆற வைச்சவரோ? சொல்லுங்கோ. கூடாத கடுதாசியை ஆற விடுற மனிசன், அண்ணான்ர பேர் இருந்த கடுதாசியை என்ன செய்தவர்?

— தட்டில போட்டவர்.

— அப்ப ஏன் அண்டைக்குப் பின்னேரமே தேடி வந்தவங்கள்? ஒருநாள் கிடைச்சிருந்தா அண்ணா வள்ளம் ஏறியிருப்பான். அம்மா புட்டுக்கூடக் கட்டி வைச்சவ.

— மழை விட்டிட்டுது பாரும்.

— அண்ணாவுக்கு உங்களைக் கண்ணில காட்டேலாது. கிளாக்கருக்குத் தங்கச்சியைத் தரமாட்டன், தான் உயிரோட இருக்குமட்டும் நடக்காதெண்டு வாசல் படலையில நிண்டு சத்தம் போட்டவன். எண்டாலும் அவனைக் கொண்டுபோன அண்டைக்கு முதல் ஆளா வந்தது நீங்கள். ஒரு மாசம் காம்ப் வாசலில அம்மாவுக்குக் குடை பிடிச்சனீங்கள். அதைப் பாத்துத்தான் நான் உங்களுக்கு ஓம் எண்டனான். கனவு காணுற மாதிரி இருக்கு அப்பா. நான் நித்திரையோ?

— நோர்த்விக் பார்க். அடுத்தது எங்கட.

— தட்டில கிடந்த கடுதாசி தன்பாட்டில நடக்காது. ஆர் கொண்டுபோனது?

— ஐயா திங்கள் பாப்பம் எண்டுபோட்டுச் சாப்பிடப் போனவர், வதனா. நான் சைக்கிளை எடுத்தனான்.